பேருக்கு ஒரு அப்ரண்டிஸ்

அரியலூரில் லேத் பட்டறை நடத்தும் நல்லதம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. அப்ரண்டிஸ் வைத்தால் அரசு தரும் ஊக்கத்தொகைக்காக, பேருக்கு ஓர் ஆளைப் பதிந்து வைத்திருந்தார். இன்று அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

“புவனேஸ்வரி எங்கங்க?”

“லீவு சார்...”

“இங்கதான் சார் இருக்கேன்!” லேத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அதிகாரி சொன்ன அளவுக்கு ஒரு போல்ட்டைக் கடைந்து நீட்டினாள் அவள். அவரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

“நீ எப்படி கத்துக்கிட்ட?” நல்லதம்பிக்கு நம்பவே முடியவில்லை.

“எம்பேரைப் பதிஞ்சீங்கல்ல? நீங்க ஆர்டர் புடிக்கத் திருச்சிக்குப் போற நாளெல்லாம் வந்துட்டேன். மேஸ்திரி சொல்லிக் குடுத்தாரு. இன்னியோட பயிற்சி வருஷம் முடியுது. வேலை நிரந்தரமா, எதுத்த பட்டறைக்குப் போவட்டுமா?”

“அப்ப வூட்டுல சமையல்?”

“அதுக்கும் ஒரு அப்ரண்டிஸ் சேத்துக்குவோம். காலையில ஆறு மணிக்கு அடுப்படிக்கு வந்துருங்க” என்றாள் அவர் மனைவி.