லைனில் இன்னொரு டிவி

கட்டைவிரல் போனுக்கு மேலே தயாராக நின்றது. அழுத்தினால் போதும், கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனரின் மானம் கப்பலேறிவிடும்.

தையல்காரிக்கு அவசரம் இல்லை. கூட்டம் சேரட்டும் என்று மாடியில் காத்திருந்தாள். ஓனரின் சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள். சிரிப்பும் கைதட்டலும் மாடிப்படி வழியாக ஏறி வந்தன.

சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தானே.

ஒரு மாதமாக அவள் வீட்டு டிவி ஒழுங்காக ஓடவில்லை. சாயங்காலம் ஒரு சீரியல் பார்க்க உட்கார்ந்தால், கதாநாயகி வாயைத் திறக்கும்போதே படம் நின்று நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். நெட் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பீரோ மேல் தூக்கி வைத்துப் பார்த்தாள். புருஷனின் போனைப் பிடுங்கி அணைத்தும் பார்த்தாள். வட்டம் மட்டும் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நெட்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தன் போனில் எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

"மேடம், உங்க லைன்ல இன்னொரு டிவி ஓடுது. உங்க வீட்டுல எத்தனை டிவி?"

வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று.

யாரோ அவள் நெட்டில் ஓசியில் படம் பார்க்கிறார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே. பாஸ்வேர்டு அவளுடைய போன் நம்பர். அந்த நம்பரை வாசலில் தையல் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பவளும் அவளேதான். முதலில் அதை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு நெட்காரர் போய்விட்டார்.

யாரென்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பக்கத்து போர்ஷன் அக்காவிடம் சொன்னதும் பதில் வந்துவிட்டது.

"வேற யாரு, எல்லாம் ஓனர் வேலைதான். அந்தாள சும்மா விட்டுடாத."

விடுவதாக இல்லை. ஓனர் மீது அவளுக்கு இருந்தது சாதாரணக் கோபமா என்ன? படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த அவருடைய பார்சல் ஒருநாள் காணாமல் போனது. கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. குடியிருப்பவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திருடி என்றார். புருஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புண்ணியவான், ஓரமாக நின்று வீடியோ மட்டும் எடுத்தார். அக்காதான் அவள் தோளை அணைத்து வீட்டுக்குள் கூட்டி வந்தாள்.

தையல்காரிக்குத் திருடி என்று பெயர் வந்தால் பிழைப்பு என்ன ஆகும்? துணி கொடுத்தவர்கள் மிச்சத் துணியை அளந்து கேட்டார்கள். பிறகு துணி கொடுப்பதையே நிறுத்தினார்கள். போன வாரம் முழுக்க மெஷின் மேல் போட்ட உறையை எடுக்கவே இல்லை.

அதனால் பாஸ்வேர்டை மாற்றவில்லை. மாற்றினால் திருட்டு நின்றுபோகும், அவ்வளவுதான். திருடி என்று கத்திய மனிதர் திருட்டு நெட்டில் படம் பார்ப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். சம்பந்திக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

ஒரே நெட்டில் இருக்கிற டிவிக்குப் போனிலிருந்தே படம் அனுப்பலாம். அவள் போனில் இரண்டு டிவி காட்டியது. ஒன்று அவளுடையது. மற்றதன் பெயர் 'ஹால் டிவி'. புருஷன் எடுத்த வீடியோவைத்தான் அதற்கு அனுப்பப் போகிறாள். தன் நாக்கு ஆடிய ஆட்டத்தை ஓனர் தன் வீட்டு டிவியிலேயே பார்க்கட்டும். பிறகு நிதானமாகக் கீழே இறங்கிப்போய், என் நெட் நல்லா ஓடுதா சார் என்று கேட்பாள். கண்ணாடி முன்னால் நின்று அதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

கீழே பலமாகக் கைதட்டினார்கள்.

அழுத்தினாள். சட்டென்று வெளியே வந்து மாடிப்படியில் தலையை நீட்டினாள்.

கீழே மேட்ச் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொன்னார்கள். ஓனர் எதற்கோ சிரித்தார்.

இந்தப் பாழாய்ப்போன நெட் இன்றைக்குமா காலை வாரவேண்டும் என்று அவள் பல்லைக் கடித்தபோது ஓனரின் கத்தல் கேட்டது. திருடி, திருடி என்று அதே கத்தல்.

அது கீழே இருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அக்கா வீட்டின் மூடிய கதவுக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே நாற்காலி இழுபட்டது. ரிமோட் எங்கே, ரிமோட் எங்கே என்று அக்கா பதறுவது தெளிவாகக் கேட்டது.

கீழே சிரிப்பு நின்றது. மாடியில் தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க ஓனர் படியேறி வந்தார். சம்பந்தியும் பின்னாலேயே வந்தார்.

தையல்காரி சுவரோரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டாள். பிறகு போனிலிருந்தே அக்கா டிவியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள்.