பூதம் வராத வீடு

எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் நேற்று மட்டும் கடல்பூதம் ஆறு தடவை வந்ததாம். அதே தொடர்தான் எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. இங்கே பூதம் வந்து மூன்று வாரமாகிறது.

பார்க்கிறவர்களின் மணிக்கட்டில் கட்டிய பட்டை நாடித்துடிப்பைச் சொல்லச் சொல்ல, தொடர் அதற்கேற்பக் கதையை மாற்றிக்கொள்ளும். குடும்பக் கதை சலித்தால் பூதத்தை இறக்கிவிடும். எனக்குக் குடும்பக் கதை என்றாலே கொட்டாவிதான். பொறுக்க முடியாமல் புகார் எண்ணுக்குப் பேசினேன்.

"பட்டை ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க வீட்ல ஒருத்தருக்கு அந்தக் குடும்பக் கதையிலயே துடிப்பு எகிறுது. அது இறங்குற வரைக்கும் பூதம் வராது" என்றாள் ஒரு பெண்.

வீட்டில் இருப்பது நானும் என் மனைவி வசுமதியும் மட்டும்தான்.

இன்று மாலை கதாநாயகி பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். அவள் கணவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் திரையை விட்டு வசுமதியைப் பார்த்தேன். இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இவ எங்க போறா?" என்றேன்.

"மூணு வாரமா துணி அடுக்குறா. இன்னைக்குத்தான் கேக்குறீங்க."

என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பூதம் வந்து அந்த வாசலை மறித்தால் போதும் என்றிருந்தது. வரவில்லை. கதாநாயகி கதவில் கை வைத்ததும் காட்சி நின்று, திரையில் எழுத்துகள் ஓடின: 'இந்தக் காட்சி உங்கள் இருவரையுமே கவர்ந்திருக்கிறது. தொடரலாமா?'

ரிமோட் வசுமதியின் மடியில் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் அவள் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டாள்.