ஜெனரேட்டர் எங்கே?

கரண்ட் போய்விட்டது. மீன் வளர்க்கும் தொட்டியின் காற்று மோட்டாரும் நின்றுபோயிருந்தது. வேலை முடிந்து வந்த மனைவி தொட்டியோரம் பார்த்தாள்; ஜெனரேட்டர் இருந்த இடம் காலி. குடும்பமே அந்தத் தொட்டியை நம்பித்தான் ஓடுகிறது.

“ஜெனரேட்டர் எங்கே? வித்துட்டீங்களா?”

“பதறாதே. கெளுத்திதானே, தண்ணியில காத்து குறைஞ்சா மேல வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போகும்” என்றார் கணவர்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். நாற்றம் தாங்கலை, தொட்டியை இடிங்க என்று நேற்றுவரை மல்லுக்கு நின்றவள். இன்று நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தாள். ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது.

“நல்லா இருங்கப்பா” என்றாள் மீன்களிடம். “உங்க ஜெனரேட்டர்லதான் எங்க வீட்டுக்காரரோட ஆக்சிஜன் மெஷின் ஓடுது. உங்களை மாதிரி சமாளிக்க அவருக்குத் தெரியாதே.”

மனைவி கணவரிடம் திரும்பினாள்.

“டீசல் போதுமா?”