நூற்றுக்கு நூறு வாங்கிய வீடு

அந்தக் குடியிருப்பை வடிவமைத்த தாட்சாயணிக்கு ஒரு வீடு மட்டும் பிடிபடவே இல்லை. மற்ற வீட்டு வாசல்களில், உள்ளே இருக்கும் காற்றின் சுத்தத்துக்கு அறுபது, எழுபது என்றுதான் மதிப்பெண் ஒளிரும். ஒன்பதாம் மாடி எஸ்தர் வீட்டில் மட்டும் மூன்று வருடமாக நூற்றுக்கு நூறு. அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க நேரிலேயே வந்துவிட்டாள்.

வாசலுக்கு வெளியே, வராந்தாவில் அடுப்பு வைத்து எஸ்தர் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கொடியில் ஈரத்துணி.

"உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்று தாட்சாயணி செருப்பைக் கழற்றினாள்.

"தாராளமாப் பாருங்க மேடம்," என்றாள் எஸ்தர். "மூச்சை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."