கொதிக்காத பானை

லோகேஸ்வரியின் வளையலுக்கும் அடுப்படியில் இருந்த மின்சாரக் கஷாயப் பானைக்கும் தொடர்பு உண்டு. இரண்டும் பினாங்கு சீன மருந்துக்கடையில் வாங்கியவை. வலிப்பு வரப்போவதை வளையல் நாடியில் உணர்ந்தால் பானை தானாகவே கொதிக்கும். அந்தக் கசப்பு வாசம் வந்ததும் அவள் எந்த வேலையையும் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பானை முனகத் தொடங்கியது. லோகேஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு சேலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மருந்து வாசம் அடிக்குது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பக்கத்து வீட்டுச் சீனருங்க. எப்பவும் எதையாவது கொதிக்க வைப்பாங்க" என்றாள் லோகேஸ்வரியின் அம்மா மரகதம்.

மரகதம் உள்ளே ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள், ஜன்னலைத் திறந்தாள். பானை சில நாள் சும்மாவும் கொதித்திருக்கிறது. இன்றும் அப்படித்தான் இருக்கும். அறையிலிருந்து வந்த மகளின் கையில் காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

கூடத்தில் தட்டு விழுந்து நொறுங்கியது.

லோகேஸ்வரி கண் விழித்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"வாசமே வரலியேம்மா. பானை கெட்டுப்போச்சா?"

மாப்பிள்ளையின் அம்மா மெல்லத் திரும்பி மரகதத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றாள் மரகதம். "கெட்டுப்போச்சு."

"அதுக்கு ஏம்மா அழற? கடையில குடுத்துச் சரி பண்ணிக்கலாம்."