செவ்வாய்க்கிழமைச் சோதனை

"அந்தத் தோளை ரெண்டு தடவை கிழிச்சுத் தச்சிருக்காங்க, மேடம். வயசு நாற்பத்திரண்டு. இந்த ஆளை நம்பி ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல இறங்கச் சொல்றீங்களா?"

பயிற்சியாளர் ரே நொவாட்னி இப்படிக் கேட்டபோது, அமெரிக்கக் கால்பந்து அணியின் சொந்தக்காரி லொரெய்ன் ஹாகன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுலூத் நகரத்தின் நவம்பர்க் காற்று ஏரியிலிருந்து நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் போட்டிருந்தது கணவருடைய கோட்டு. தோளில் நிற்காமல் வழிந்தது. அவர் இறந்து ஒன்றரை வருடமாகியும் அவள் தனக்கென்று வேறு வாங்கவில்லை.

"நம்ம குவார்ட்டர்பேக் கால் உடைஞ்சு படுத்திருக்கான். பந்தெறிய வேற யாரு இருக்கா? நீங்க எறியறீங்களா?"

"நான் எறிஞ்சா, டிக்கெட் வாங்கினவன் என் மேல எறிவான்."

அவள் சிரிக்கவில்லை. "டிரிஸ்கலை வேற அணிக்கு விட்டுக் கொடுத்தது பெரிய தப்புன்னு எங்க வீட்டுக்காரர் கடைசி வாரம் வரைக்கும் சொல்லிட்டிருந்தார். முடிவு உங்களோடதுதான், ரே. ஆனா கண்ணால பார்த்துட்டுச் சொல்லுங்க."

ரேக்கு அதுதான் பயம். கல்லூரி நாளில் இதே மைதானத்தில், கொட்டும் பனியில், மேல் வரிசையில் அவன் நின்றிருக்கிறான். இடுப்பில் இரண்டு தடியர்கள் தொங்க, ஏமஸ் டிரிஸ்கல் பந்தை எறிந்தார். அது காற்றில் இருந்த நேரம் முழுக்க அத்தனை ஆயிரம் பேரும் மூச்சுவிடவில்லை. இன்றைக்கும் தேவாலயத்தில் கண்ணை மூடினால் ரேக்கு நினைவுக்கு வருவது அந்த மௌனம்தான்.

அந்த மனிதர் இப்போது எதிரே நின்று கையைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடியில் பாதி நரை.

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு. சோதனைக்கு வருகிற குவார்ட்டர்பேக், எறிந்ததைப் பிடிக்கத் தன் ஆளைத் தானே கூட்டி வர வேண்டும். டிரிஸ்கல் கூட்டி வந்தவன் ஒரு நெட்டையன். லூதராம். பீர் பீப்பாய் இறக்குகிற வேலையாம்.

"மெதுவா ஆரம்பிங்க, தலைவா," என்றான் ரே.

"மெதுவா எறியறதைப் பார்க்கவா என்னை வரச் சொன்னீங்க?" டிரிஸ்கல் கையசைத்தார். லூதர் ஓடத் தொடங்கினான்.

முதல் பந்து லூதரின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் போயிற்று. அடுத்தது முழங்காலுக்குக் கீழே. அதற்கடுத்தது, அவன் இடப்பக்கம் ஓட, வலப்பக்கம் வந்தது. எம்பியும் புரண்டும் பின்னால் வளைந்தும் லூதர் சேறாகிப்போனான். ஒரு முறை விளம்பரப் பலகையிலேயே போய் மோதினான்.

"ஐயோ பாவம்! அந்த ஆளைப் போட்டு என்ன பாடு படுத்தறார்!" என்றாள் லொரெய்ன்.

ரேயின் கண் டிரிஸ்கலின் தோளை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு எறிக்கும் பிறகு அவர் உதடு வெளுத்தது. ஒரு பந்துகூட நேராகப் போகவில்லை. ஒரு கோவில் இடிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலிருந்தது அவனுக்கு.

"போதும், தலைவா."

டிரிஸ்கல் நின்றார்.

ரே அவர் பக்கத்தில் போய் நின்றான். "காலேஜ் நாள்ல உங்க படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தவன் நான். என் வாயால இதைச் சொல்ல வேண்டியிருக்கு. முடியாது. இந்தக் கையை வச்சுக்கிட்டு உங்களை இறக்கினா, உங்களுக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம்."

லொரெய்ன் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரியான முடிவு. நானா இருந்தாலும் என்னை எடுக்க மாட்டேன்," என்றார் டிரிஸ்கல். குரலில் வருத்தமே இல்லை.

பையில் ஒரு பந்து மிச்சமிருந்தது. குனிந்து எடுத்தார். மைதானத்தின் மறுகோடியில், மங்கிய வெளிச்சத்தில், கோல் கம்பம் ஒரு மஞ்சள் குச்சி போலத் தெரிந்தது. ஒரு அடி பின்வைத்து எறிந்தார்.

பந்து ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. ரேக்கு மூச்சு நின்றுபோனது. பல வருடங்களுக்கு முந்தைய அதே மௌனம்.

'டங்!'

கம்பத்தின் நட்ட நடுவில் பட்டது.

"முடியுதே!" ரே கத்திவிட்டான். "உங்களால முடியுதே, தலைவா! அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்...?"

"இன்னிக்கு முடிஞ்சுது. நாளைக்கு இந்தக் கையால காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது." டிரிஸ்கல் தோளைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். "ரே, போன கோடை முகாமுக்கு வந்த ஒருத்தனை, கடிகாரத்தைப் பார்த்து 'ஓட்டம் போதாது'ன்னு முதல் நாளே திருப்பி அனுப்பினியே, முகம் ஞாபகமிருக்கா? அதை விடு. இன்னிக்கு ஒரு பந்தாவது தரையில விழுந்துச்சா?"

ரே மெல்லத் திரும்பினான். தலை முதல் கால் வரை சேறாக நின்ற நெட்டையனை அப்போதுதான் முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தான். கோடையில் அவன் திருப்பி அனுப்பியவன் இவன்தான்.

"நான் எங்கே போகணும்னு எறிஞ்சேனோ, எல்லாப் பந்தும் அங்கேதான் போச்சு," என்றார் டிரிஸ்கல். "அவனைப் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டிருந்தா நீங்க யாரும் வந்திருக்க மாட்டீங்களே."