பச்சை மீன் விருந்து

"இன்னா இசைவாணி, இத வேகவெக்க மாட்டியா?"

அடுப்படி வாசலில் நின்று கேட்டார் பச்சமுத்து. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

கிண்ணங்களில் சோறு. அதன் மேல் வெள்ளரிக்காய், மாங்காய், வெங்காயத்தாள். நடுவில் சிவப்பாகப் பளபளக்கும் துண்டுகள். மகள் ஒரு பாட்டிலைக் குலுக்கி, கறுப்பாக எதையோ அவற்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டிலில் துள்ளும் மீன் ஒன்றின் படம்.

"ஹவாய் தீவுல பச்ச மீன இந்த சாஸுல பெரட்டி அப்படியே சாப்புடுவாங்கப்பா. சோயா, நல்லெண்ணெய், இஞ்சி எல்லாம் இதுலயே இருக்குது. வெறும் காய் மேலயும் ஊத்திக்கலாம்."

"பொண்ணு பாக்க வரவங்களுக்கு கேசரி, பஜ்ஜிதாம்மா வெப்பாங்க."

"மூணு தபா வெச்சமே. தின்னுட்டு, கல்யாணத்துக்கப்புறம் கடை கிடைலாம் வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. பெங்களூர்ல வேல பாக்கற கடையில நா தினம் செய்யறது இதான். நாளைக்கு உளுந்தூர்பேட்டையில கடை போட்டு விக்கப்போறதும் இதான். இதப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிற வூட்ல நா எப்படிப்பா இருக்கறது?"

இன்று வரும் வடக்கனந்தல் பையனை அவருக்குப் பிடித்திருந்தது. இளஞ்செழியன். கரும்பு, மக்காச்சோளம், கோடையில் தர்பூசணி என்று நிலத்தை விடாமல் உழைக்கிறவன். அதிகம் பேசாதவன். இந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் அவனும் எழுந்து போய்விடுவான்.

பையன், அவன் அம்மா, தாய்மாமன் தங்கதுரை, மூன்று பேர் வந்தார்கள். கிண்ணத்தைக் கையில் வாங்கிய தங்கதுரை அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாம்மா இது, வேகவே இல்ல?"

"எங்க கடையில இத பச்ச மீனுலதாங்க செய்வோம்" என்றாள் இசைவாணி.

"எங்க வூட்ல வேவாத மீன பூனைக்குத்தான் வெப்போம்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பையனின் அம்மா வெள்ளரிக்காயை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

இளஞ்செழியன் ஒரு சிவப்புத் துண்டை வாயில் போட்டான். இரண்டு முறை மென்றான். தாடை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி இசைவாணியை ஒருமுறை பார்த்தான்.

இடது கையை வாயருகே கொண்டுபோய் லேசாக இருமினான். மடிக்குத் திரும்பிய அந்தக் கை இறுக மூடியிருந்தது. பிறகு அடுத்த துண்டை எடுத்தான்.

மூடிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் பச்சமுத்து. பாவம், குமட்டலை அடக்கிக்கொண்டு தின்கிறான்.

"கஷ்டமா இருந்தா வெச்சுடுங்க தம்பி. யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

"நல்லாத்தான் இருக்குதுங்க."

கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். சாஸில் ஊறிய அடிச்சோற்றையும் வழித்துத் தின்றான். கை மட்டும் திறக்கவில்லை.

கை கழுவ அவனைப் பின்பக்கக் குழாய்க்கு அழைத்துப் போனார் பச்சமுத்து. இசைவாணி கை துடைக்கத் துண்டோடு வந்தாள். அவர் நாலடி தள்ளி முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டார். காது மட்டும் அங்கேயே இருந்தது.

அவன் வலது கையை மட்டும் கழுவிக்கொண்டிருந்தான்.

"கடை எப்ப தொறக்கப் போறீங்க?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"ஆவணியில. தொறக்கலாம் இல்லிங்களா?"

"இன்னா, என்னக் கேக்கறீங்க. கடை உங்க கடைதானே."

அவள் துண்டை நீட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. மீனுன்னு சொன்னா யாரு எழுந்து போறாங்கன்னு பாக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா இந்தச் சித்திரை வெயில்ல, நம்ம வூட்டுக்கு வந்தவங்களுக்குப் பச்ச மீன் வெக்க மனசு வரல. அதனால..."

"தெரியுங்க" என்றான் இளஞ்செழியன். "அடுத்த தபா எங்க கொல்லையிலேர்ந்தே நல்லதா பாத்துக் கொண்டாரேன். வெத கம்மியா இருக்கும்."

அவன் விரித்த இடது உள்ளங்கையில், ஈரம் காயாமல், ஒரே ஒரு தர்பூசணி விதை இருந்தது.